அந்தக் காருல ஊருக்கு வர முடியுமால?

"ஏல, அந்தக் காருல ஊருக்கு வர முடியுமா?"

பாளையங்கோட்டையிலிருந்து அப்பா போனில் கேட்ட முதல் கேள்வி இதுதான். விலை கேட்கவில்லை, கலர் கேட்கவில்லை. 2013-இல் வாங்கிய பெட்ரோல் காரை மாற்றிவிட்டு மின்சாரக் கார் வாங்கலாமா என்று யோசிக்கிறேன் என்று சொன்னதுதான் தாமதம். அடுத்த வாரம் மச்சான் கேட்டார். ஹிஞ்சவடி ஆபீஸில் டீ குடிக்கப் போன இடத்தில் மதுரைக்காரர் ஒருவர், கோயமுத்தூர்க்காரர் ஒருவர், நாக்பூர்க்காரர் ஒருவர் என்று மூன்று பேரும் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டு இதையே கேட்டார்கள். கடைசியில் தங்கமணியும் கேட்டாச்சு.

மக்களே, இந்தக் கேள்வியே தப்பு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆபீஸில் ஆணி கொஞ்சம் குறைவு, அதுவும் ஒரு காரணம்.

என் பழைய கார் இதுவரை ஓடியது ஒரு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டர். அதில் ஊருக்குப் போனது மூன்று தடவை. புனேயிலிருந்து திருநெல்வேலி எப்படிப் போனாலும் 1450 கிலோமீட்டருக்குக் குறையாது. போக வர 2900, மூன்று தடவைக்கு 8700. நூற்றுக்கு ஏழு கூட வரவில்லை. மிச்சம் தொண்ணூற்று மூன்றும் பிம்ப்ளே சௌதாகர் வீட்டிலிருந்து ஹிஞ்சவடி ஃபேஸ் 3, பள்ளிக்கூடம், காய்கறி, எப்போதாவது ஒரு லோணாவளா. அதிலும் பாதி நேரம் வாகட் பாலத்துக்குக் கீழே முதல் கியரில்.

முதல் தடவை போனது 2014-இல். கார் புதுசு, நானும் கொஞ்சம் இளசு. காலை நாலு மணிக்குக் கிளம்பி காத்ரஜ் தாண்டி, கம்பாட்கி காட் ஏறி இறங்கி, கோலாப்பூரில் டிபன். பெலகாவி, ஹூப்ளி, சித்ரதுர்கா காற்றாலைகள் எல்லாம் பார்த்துவிட்டு ராத்திரி பெங்களூரில் சித்தப்பா வீடு. மறுநாள் ஓசூர், சேலம், மதுரை. வீட்டு வாசலில் கார் நின்றபோது அப்பா வெளியே வந்து எம்ஹெச் 14 நம்பர் பிளேட்டை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த ஒரு நிமிஷத்துக்கு 1450 கிலோமீட்டர் தகும், ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது தடவை தங்கச்சி கல்யாணம், 2017. சின்னவன் ஹூப்ளி தாண்டியதிலிருந்து வாந்தி. மூன்றாவது 2021, கொரோனா பயத்தில் ரயில் வேண்டாம் என்று. இடுப்பு வலி போக இரண்டு வாரம் ஆனது.

மற்ற எல்லாத் தடவையும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் அல்லது விமானம். எல்லாத் தடவையும் என்றால் எல்லாத் தடவையும்.

2019-இல் ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு போன் வந்தது. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், கிளம்பி வா என்று. இந்த மாதிரி ராத்திரிக்காகத்தானே எல்லோரும் பெட்ரோல் கார் வேண்டும் என்கிறார்கள்? டேங்க் நிறைய பெட்ரோலோடு கார் கீழே நின்றது. நான் சாவியைத் தொடவே இல்லை. விடியற்காலை விமானத்தில் சென்னை, அங்கிருந்து தூத்துக்குடி. மத்தியானத்துக்குள் அம்மா பக்கத்தில் இருந்தேன். கடைசி நாலு நாள் கூட இருக்க முடிந்தது. காரை எடுத்திருந்தால் அதில் ஒன்றரை நாள் ரோட்டிலேயே போயிருக்கும்.

வெளியூரில் வேலை பார்க்கிற நமக்கு, நினைத்தால் கிளம்பிவிடலாம் என்கிற தைரியம் தேவைப்படுகிறது. அந்தத் தைரியத்தைத்தான் டேங்கில் ஊற்றி வைத்துக்கொள்கிறோம். அது புரிகிறது. ஆனால் அதற்கு மாசா மாசம் என்ன விலை கொடுக்கிறோம் என்று ஒரு தடவையாவது கூட்டிப் பார்க்க வேண்டாமா?

அதற்கு முன்னால் அப்பாவின் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிடுகிறேன். சின்ன மின்சாரக் காரில் ஊருக்கு வர முடியுமா? முடியும். வரக்கூடாது.

நான் பார்த்து வைத்திருப்பது டாடா டியாகோ. ஒரே கார் பெட்ரோலிலும் இருக்கிறது, மின்சாரத்திலும் இருக்கிறது என்பதால் ஒப்பிட வசதி. மின்சார டியாகோ 2022-இல் வந்தபோது பெரிய பேட்டரி 24 கிலோவாட் அவர், ஒரு சார்ஜுக்கு 315 கிலோமீட்டர் என்று விளம்பரம். அது சோதனைக்கூடத்துக் கணக்கு. ஏசி போட்டு, நாலு பேர் ஏறி, ஹைவேயில் தொண்ணூறில் போனால் 180 வந்தாலே கும்பிடு போடலாம். வழியில் வேக சார்ஜரில் பத்திலிருந்து எண்பது சதவீதம் வரைதான் ஏற்றுவோம், அதற்கு மேல் மெதுவாகத்தான் ஏறும். ஆக ஒரு நிறுத்தத்துக்கு 130 கிலோமீட்டர் தேறும். 1450-க்குப் பத்து நிறுத்தம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். சார்ஜர் வேலை செய்தால்! முன்னால் ஒரு வண்டி நிற்காமல் இருந்தால்! சின்னவன் பாடு என்ன ஆகும் என்று நினைத்தாலே நமக்கு வயிற்றைக் கலக்குகிறது.

எனவே, மின்சாரக் காரில் கன்னியாகுமரி வரை போனேன், காஷ்மீர் வரை போனேன் என்று வீடியோ போடுகிறவர்களை நம்பி யாரும் சின்னப் பேட்டரி வண்டி வாங்காதீர்கள். அது ஊருக்குள் ஓடுகிற வண்டி. ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவன் அதை வாங்கலாம். விஷயம் இவ்வளவுதான். இதை ஒத்துக்கொள்ள இரண்டு கோஷ்டிக்குமே மனசு வரவில்லை.

இன்னும் சிலர் மனசில் ரேவா இருக்கிறது. 2001-இல் பெங்களூரில் தயாரித்து விற்க ஆரம்பித்த அந்தக் குட்டிக் கார். நான் 2005-இல் அங்கே டிரெய்னியாக இருந்தபோது ஜெயநகர் பக்கம் ஒன்று போகும். ஆட்டோக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஈய பேட்டரி, முழு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர் என்று சொல்வார்கள். அப்புறம் 2010-இல் மஹிந்திரா வாங்கியது. மின்சாரக் கார் என்றால் இன்னும் அதுதான் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறவர்களிடம் வாதாட எனக்குத் தெம்பு இல்லை. இன்றைக்கு பேட்டரிக்கு எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி கொடுக்கிறார்கள். நான் அந்தத் தூரம் ஓட்டப் பதிமூன்று வருஷம் ஆகும்.

இப்போது காசு. மாசம் ஆயிரம் கிலோமீட்டர், வருஷத்துக்கு 12,000. ஹிஞ்சவடி டிராஃபிக்கில் பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கொடுத்தால் பெரிய விஷயம். 800 லிட்டர். கணக்குக்கு லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 80,000 ரூபாய். மின்சாரக் காருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, கிலோமீட்டருக்கு 0.13 யூனிட். வருஷத்துக்கு 1560 யூனிட். இங்கேதான் வியாபாரிகள் ஒரு வேலை செய்கிறார்கள். யூனிட் 6 ரூபாய், 7 ரூபாய் என்று போட்டுக் காட்டுவார்கள். மகாராஷ்டிராவில் கரண்ட் பில் கட்டுகிறவனுக்குத் தெரியும் கதை. மாசம் 130 யூனிட் கூடினால் அது மேல் ஸ்லாபில் போய் உட்காரும். நான் 15 ரூபாய் போட்டேன். 23,400 ரூபாய். அப்படியும் வருஷத்துக்கு 56,000 மிச்சம்.

எனக்குக் கொடுத்த கொட்டேஷன்படி இரண்டு டியாகோவுக்கும் நடுவில் ரோட்டுக்கு வரும்போது மூன்று லட்சம் வித்தியாசம். 2025 செப்டம்பருக்கு முன்னால் இது இன்னும் குறைவாக இருந்திருக்கும். அந்த மாசம் 22-ஆம் தேதி சின்னப் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி, செஸ் எல்லாம் சேர்த்து 29 சதவீதமாக இருந்ததை 18 ஆக்கிவிட்டார்கள். மின்சாரக் காருக்கு 2019-இலிருந்தே 5-தான். ஆக ஐந்தரை வருஷத்தில் போட்ட காசு திரும்பும். வருஷத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டர்தான் ஓட்டுவேன் என்கிறவருக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். அவர் பேசாமல் பெட்ரோல் வாங்கிவிட்டுப் போகலாம், எந்தப் பாவமும் இல்லை. பழைய மின்சாரக் காரை விற்கப் போனால் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் என்னைப் போல தினமும் ஓட்டுகிறவன் மிச்சம் பிடிக்கும் அந்த 56,000-இல் என்ன செய்யலாம்? குடும்பத்தோடு வருஷத்துக்கு ஒரு தடவை விமானத்தில் ஊருக்குப் போய் வரலாம். ரயில் என்றால் இரண்டு மூன்று தடவை ஏசியில் போகலாம் (2024 நவம்பரிலிருந்து 60 நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு, அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்). ஊரில் போய் இறங்கி ஒரு வாரத்துக்கு வாடகைக் காரும் எடுக்கலாம். ஊருக்குப் போக வேண்டும் என்பதற்காக பெட்ரோல் கார் வாங்கி, பெட்ரோலுக்குக் காசு போட்டதால் ஊருக்குப் போகக் காசில்லாமல் இருக்கிறோம். இது என்ன கணக்கு சாமி?

புகை விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். பச்சை நம்பர் பிளேட் போட்டதும் ஏதோ துளசிச் செடி ஓட்டுவது போல நினைத்துக்கொள்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. இந்த நாட்டில் தயாராகும் மின்சாரத்தில் எழுபது சதவீதத்துக்கு மேல் நிலக்கரி. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. கம்பியில் வீணாவதையும் சேர்த்தால் என் கார் கிலோமீட்டருக்கு 110 கிராம் விடும். பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ என்பதால் பழைய கார் 150 கிராம் விடுகிறது. கால் பங்குக்குக் கொஞ்சம் மேல் குறைகிறது. பூஜ்யம் ஆகவில்லை. என் வண்டிப் புகை புனேயில் வராது, விதர்பாவில் சந்திரபூர் அனல் மின் நிலையத்துப் பக்கத்தில் இருக்கிறவர் மூக்கில் வரும். அதைத் தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும். ஒரே ஆறுதல், பெட்ரோல் கார் பத்து வருஷம் கழித்தும் அதே புகைதான் விடும், மின்சாரம் மாறக்கூடியது. முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதில் கொஞ்சம் நம்பிக்கை உண்டு.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை என்பதை ஏனோ இந்த விவாதத்தில் யாரும் சொல்வதில்லை. 2025-இலிருந்து பங்கில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதே காசுக்குக் குறைவான தூரம். என் 2013 மாடல் அதைக் குடித்துவிட்டு என்ன நினைக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

சரி, இவ்வளவு தெளிவாக இருக்கிறாயே, வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் எங்கள் சொசைட்டி வருகிறது.

எனக்கு வேண்டியது என் பார்க்கிங் தூணில் ஒரு 15 ஆம்பியர் பாயிண்ட். என் மீட்டரிலிருந்து, என் செலவில், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து. மனு கொடுத்தேன். மூன்று மாசம் கழித்துக் கமிட்டி கூப்பிட்டது. முதல் ஆட்சேபம், லோடு தாங்காது. சின்னக் காரின் சாதாரண சார்ஜர் இழுப்பது 3.3 கிலோவாட். எங்கள் கட்டடத்தில் வீட்டுக்கு இரண்டு கீசர், ஒவ்வொன்றும் 2 கிலோவாட். காலை ஏழு மணிக்கு எல்லாமே ஒன்றாக ஓடுகிறது. கீசர் போட யாராவது என்ஓசி வாங்கினார்களா? காரை நான் ராத்திரி ஒரு மணிக்குப் போட்டுக்கொள்வேன் சார் என்றேன்.

இரண்டாவது, தீப்பிடிக்கும். இதில் நான் சிரிக்கவில்லை. 2022-இல் மார்ச், ஏப்ரல் மாசங்களில் மின்சார ஸ்கூட்டர்கள் வரிசையாக எரிந்ததை எல்லோரும் பார்த்தோம். பயம் நியாயமானது. அதனால்தான் சரியான ஒயர், எர்த், தனி பிரேக்கர் எல்லாம் போடுகிறேன் என்கிறேன். இரண்டாவது மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்கவிட்டு சார்ஜ் போடுகிறவனைத்தான் தடுக்க வேண்டும். பாயிண்ட் தராவிட்டால் அவனைத்தான் உற்பத்தி செய்வீர்கள். இதைச் சொன்னபோது எங்களுக்கு இருபது அடி தள்ளி சொசைட்டியின் டீசல் ஜெனரேட்டர் நின்றுகொண்டிருந்தது. அதைச் சுட்டிக் காட்டினேன். அது தப்பாகிப் போச்சு.

மூன்றாவது ஆட்சேபம்தான் நிஜமானது. சேர்மன் காகா நல்ல மனுஷர், கணபதி பண்டிகைக்கு மோதகம் கொடுத்தனுப்புவார். அவரே சொல்லிவிட்டார்: "அண்ணா, உனக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள்."

கேட்கட்டுமே!

மத்திய மின்சார அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே வீட்டிலும் ஆபீஸிலும் இருக்கிற இணைப்பிலிருந்து வண்டியை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறது. மாதிரிக் கட்டட விதிகளில் 2019-இல் திருத்தம் செய்து, பார்க்கிங்கில் 20 சதவீதத்துக்கு சார்ஜிங் வசதி வேண்டும் என்று போட்டார்கள். புதுக் கட்டடம் கட்டுகிறவருக்கு அது சரி. 2009-இல் கட்டிய எங்கள் கட்டடத்துக்கு அதைக் காட்டினால் சேர்மன் காகா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். அமைச்சகத்தின் தாளுக்கும் தூணில் இருக்கவேண்டிய ப்ளக்குக்கும் நடுவில் ஒரு கமிட்டி உட்கார்ந்திருக்கிறது.

நானாவது சொந்த வீட்டுக்காரன், சண்டை போடலாம். என் டீமில் விருதுநகர்ப் பையன் ஒருவன், வாகடில் வாடகைக்கு இருக்கிறான். என்னைவிட அதிகமாக ஓட்டுகிறான், தினமும் ஐம்பது கிலோமீட்டர். மின்சாரக் காரால் லாபம் அவனுக்குத்தான் அதிகம். ஆனால் அவன் வீட்டு ஓனர் சுவரில் ஆணி அடிக்கவே விடமாட்டார். பதினோரு மாச அக்ரிமெண்டில் எவன் தூணில் ஒயர் இழுப்பான்? பொது சார்ஜரில் யூனிட் 20 ரூபாய்க்கு மேல், வாரம் இரண்டு தடவை வரிசையில் நிற்க வேண்டும். அவன் பெட்ரோல் கார்தான் வாங்கினான். நான்தான் ஷோரூமுக்குக் கூடப் போனேன். அதைத் தவிர அவனுக்கு வேறு எதையும் சிபாரிசு பண்ண எனக்கு வாய் வரவில்லை. சிஎன்ஜி கேட்டான், டிக்கி போய்விடுமே, ஊருக்குப் போகும்போது மூட்டை எங்கே வைப்பது என்று அவனே வேண்டாமென்றான். ஊர்ப் பேச்சு அவனையும் விடவில்லை.

இப்போது பாருங்கள். சொந்த வீடும் சொந்தப் பார்க்கிங்கும் இருக்கிற எனக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. மகாராஷ்டிராவில் ரோடு டாக்ஸும் கிடையாது. வாடகைக்கு இருக்கிற அவனுக்கு 18 சதவீதம், அதற்கு மேல் 11 சதவீத ரோடு டாக்ஸ், அப்புறம் காலம் முழுக்க ஒவ்வொரு லிட்டரிலும் வரி. சலுகையைக் காருக்குக் கொடுத்தார்கள், ப்ளக்குக்குக் கொடுக்கவில்லை. அதனால் அது ஏற்கனவே ப்ளக் வைத்திருப்பவனிடம் போய்ச் சேர்கிறது. சுற்றுச்சூழல் என்ற பெயரில் நடப்பது இது. வாடகைக்காரன் கேட்டால் ஓனரும் சொசைட்டியும் இத்தனை நாளைக்குள் ஒரு பாயிண்ட் போட அனுமதித்தே ஆக வேண்டும், செலவு அவனுடையது, என்று ஒரு வரிச் சட்டம் போட்டால் ஒரு லட்ச ரூபாய் சலுகையை விட அது அதிக கார் விற்கும். பெட்ரோலா கரண்டா என்று டீக்கடையில் அடித்துக்கொள்கிற நாம் இதைக் கேட்பதே இல்லை. ஊருக்குப் போகுமா என்று மட்டும் கேட்கிறோம்.

என் மனு இப்போது செப்டம்பர் பொதுக்குழுவுக்குத் தள்ளிப் போயிருக்கிறது. 'சேர்மன் அனுமதியுடன் இதர விஷயங்கள்' என்பதில் கடைசிக்கு முந்தினது. அதற்கு முன்னால் மாடித் தண்ணீர் கசிவு இருக்கிறது. அது இரண்டு மணி நேரம் ஓடும். பழைய காருக்கு 2028 வரை ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கிறது. அதுவரை ஓட்டுவேன், ஆனால் இன்னொரு பெட்ரோல் கார் வாங்க மாட்டேன்.

நேற்று அப்பா மறுபடி கூப்பிட்டார்.

"கார் வாங்கியாச்சால?"

"இல்லப்பா, ஒரு சுவிட்ச் போட பெர்மிஷன் கேட்டிருக்கேன். செப்டம்பர்ல சொல்லுவாங்க."

"சுவிட்சு போடவா? ஒன் வீடுதானல அது?"

"வீடு நம்மளுதுதாம்ப்பா. தூணு அவங்களுதாம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, பொங்கலுக்கு ரயில்லயே வந்துரு. ஸ்டேஷனுக்கு நான் ஆட்டோ கொண்டாறேன்" என்றார்.

டிஸ்கி: எந்தக் கார் கம்பெனியும் எனக்குக் காசு கொடுக்கவில்லை. கொடுத்தால் முதலில் ஒயர் வாங்குவேன்.